தீப்பெட்டிக்குள் ராணி

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருடம் மதாம் கப்பலேறிவிட்டார். கடற்கரைப் பக்கத்திலிருந்த அவருடைய பெரிய வீட்டில் மிஞ்சியது குசினிக்காரி அஞ்சலாட்சியும், குசினி ஜன்னலோரத்து மர அலமாரிக்குள் கூடு கட்டியிருந்த தேனீக்களும்தான். சாப்பிட ஆளில்லாத வீட்டுக்குச் சமையல்காரி எதற்கு என்று கேட்காதீர்கள். சாவி அவளிடம் இருந்தது. தினமும் வருவாள், பெருக்குவாள், அலமாரிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் சொல்வாள். பாதிப் பேச்சில் எழுந்து போகாத ஜீவன்கள் அவளுக்கு வேறு வாய்க்கவில்லை.

மூன்று வருடம் கழித்து வீடு விலைபோனது. வாங்கிய மண்டிக்காரர் ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை சாவி வேண்டும், சுண்ணாம்படிக்க வருகிறார்கள், அந்தப் பூச்சிகளை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடு என்று சொல்லியனுப்பினார். தன்னைப் போகச் சொன்னதற்கு அவள் அழவில்லை. பூச்சி என்றதற்குத்தான் அழுதாள்.

தவளக்குப்பத்திலிருந்து சைக்கிளில் கத்தரிக்காய் கொண்டுவரும் கலியபெருமாள் தன் தோப்பில் தேன்பெட்டி வைத்திருப்பவன். வியாழக்கிழமை வெயில் தாழ ஒரு பெட்டியோடு வந்தான். தேங்காய் நாரில் புகை போட்டு, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, பெட்டிச் சட்டத்தில் வாழைநாரால் கட்டினான். கடைசி அடையில் ராணி இருந்தது. மற்றதைவிட நீளம், கறுத்த வயிறு. ஓட்டை போட்ட தீப்பெட்டிக்குள் பதமாக அதைத் தள்ளி மூடினான்.

"இது செத்துதுன்னா கூடே போச்சுக்கா. எங்க தோப்புக்கு எடுத்துட்டுப் போயிடறேன்."

"வேணாம் தம்பி. எங்கூட இருக்கட்டும்."

"நாலு தெரு தள்ளி வச்சா பழைய எடத்துக்கே திரும்பிடும்க்கா. ரெண்டு மூணு மைலாவது தாண்டணும்."

"இத்தினி வருசம் என் மூஞ்சியப் பாத்ததுங்க. என்ன உட்டுட்டுப் போயிடுமா?"

தேனீக்களுக்குத் தன் முகம் தெரியும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். ஒண்டியாக இருப்பவர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு கிறுக்கு வேண்டியிருக்கிறது. கலியபெருமாள் வாதாடவில்லை. அவளுடைய வாடகை அறையின் பின்பக்கம் பெட்டியை வைத்து, ராணியை உள்ளே விட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். தேனீக்கள் சாரிசாரியாகக் கிளம்பிப் போயின. ஒன்றும் திரும்பவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்தபோது ராணியைச் சுற்றி ஒரு கைப்பிடிதான் மிச்சம். எறும்பு வேறு ஏறத் தொடங்கியிருந்தது. "ஐயோ, நானே கொல்லப் பாத்தேனே!"

அலறிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடி, கலியபெருமாளை இழுத்துவந்தாள். ராணியை மறுபடி தீப்பெட்டியில் அடைத்து, கூடைக்குள் வைத்து, பெட்டியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு இருவரும் பெரிய வீட்டின் பக்கத்துச் சந்துக்குப் போனார்கள். மூடிய குசினி ஜன்னலின் வெளிப்புறம், ஈரச் சுண்ணாம்புக்குப் பக்கத்தில், அத்தனையும் கொத்தாகத் தொங்கின. உள்ளே கூடும் இல்லை, அலமாரியும் இல்லை. இருந்தாலும் விட்டுப் போக மனமில்லாமல் தொங்கின.

அஞ்சலாட்சி கூடையைத் தூக்கிப் பிடித்தாள். ராணியின் வாசனைக்கு ஒன்று இறங்கியது, பிறகு பத்து, பிறகு மடமடவென்று எல்லாம். கை கடுத்தும் அவள் இறக்கவில்லை. ஒன்றுகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீயே எடுத்துட்டுப் போ தம்பி," என்றாள்.

பெட்டியில் சேர்த்து, கேரியரில் கட்டினான்.

"அங்கேருந்தும் ஓடியாந்துட்டா?"

"தூரம் ஜாஸ்திக்கா, வராது. மூணு நாளு வாசல அடைச்சும் வச்சிடுவேன். பழசு மறந்துடும்."

"மூணு நாளு போதுமா?"

"தேனீக்குப் போதும்க்கா."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அந்தச் சந்துக்கு வந்தாள். மூடிய ஜன்னலைப் பார்த்தாள், திரும்பினாள். திங்கட்கிழமை வந்தாள். செவ்வாய்க்கிழமை வந்தாள். புதன்கிழமையும் வந்தாள்.