வளரு என்று சொன்ன புரதம்

மனித உடம்பில் சுரக்கும் ஒரு புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் விளைவித்து, உலர்த்தி, குப்பிகளில் அடைத்து ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பும் அந்த நிறுவனத்தில், நாற்பத்தோராவது தொகுதி பேசத் தொடங்கியது. ஒரே சொல்தான் பேசியது: வளரு. உடம்புக்குள் இருக்கும்போதும் அந்தப் புரதத்துக்கு அதுதான் வேலை. செல்களிடம் போய்ச் சேதி சொல்வது. இங்கே வாய்விட்டுச் சொன்னது, அவ்வளவுதான். லேபிள் ஒட்டும் அறையில் இருந்தவர்களின் நகங்கள் மதியச் சாப்பாட்டுக்குள் விரல் நீளம் வளர்ந்தன. ஒரு மர நாற்காலி துளிர்த்தது. பேனா பூத்தது என்பது மட்டும் வாட்ச்மேன் கட்டிவிட்ட கதை. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள், பயனில்லை. அது உடம்புக்குக் கேட்கிற சொல். நிர்வாகம் ஆளுக்கொரு தடித்த ரப்பர் அங்கி கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. சரக்கு முன்பைவிட நன்றாயிருப்பதாக வாடிக்கையாளர்கள் எழுதினார்கள்.

'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல' என்ற லேபிளை ஒட்டுகிறவளுக்குப் பதினாலு வயதில் ஒரு மகள் இருந்தாள். ஏழு வயதோடு அந்தப் பெண்ணின் வளர்த்தி நின்றுவிட்டது. பொறுத்துப் பாருங்கள் என்று டாக்டர்கள் சொன்னதைக் கேட்டுப் பொறுத்துப் பொறுத்து அலுத்துப்போயிருந்த தாய்க்கு, அந்தக் குரல் தனக்காகவே வந்ததாகப் பட்டது. குப்பிக்குள் இருக்கும் பொடி கண்ணுக்கே தெரியாத அளவு. மூடியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். திறக்குமுன் இயந்திரத்தில் சுழற்றி அடிக்கு இறக்க வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் அது தெரியாமல், காலிக் குப்பியை அனுப்பிவிட்டீர்களே என்று சண்டை பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். வந்தது நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போகும். அங்கிருந்துதான் அவள் எடுத்தாள். குப்பையில் எடுப்பது திருட்டு இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

மகளின் தலைமாட்டில் குப்பிகள் வளரு, வளரு என்றன. சுவரில் போட்ட பென்சில் கோடு அசையவில்லை. தாய்க்குத்தான் செருப்பு பத்தவில்லை. ரப்பர் நாற்றம் பிடிக்காமல் மகள் தன்னைக் கட்டிக்கொள்ள மறுத்ததால், வீட்டில் தாய் அங்கியைப் போடுவதில்லை. அளவு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் இன்னும் கொண்டுவந்து அடுக்கினாள். விஷயம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேலை போய்விடுமே என்று பயந்தாள். இப்படியே பதினோரு வருஷம் ஓடியது. அவள் எட்டரை அடி உயர்ந்து, ஆலைக் கதவில் குனிந்து நுழைந்த நாளில், சோடாபுட்டி என்று எல்லோரும் கூப்பிடும் விஞ்ஞானி அவளைப் பிடித்து நிறுத்தி விசாரித்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் திட்டவில்லை. மகளின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு நாலாம் நாள் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்.

"குரல்ல ஒரு குறையும் இல்லம்மா. உங்க பொண்ணோட செல்லுல அதை வாங்கிக்கிற இடமே இல்ல. பொறக்கும்போதே இல்ல. லட்சம் குப்பி வெச்சாலும் கேக்காது."

"அன்னிக்கே உங்ககிட்ட கேட்டிருந்தா, சார்?"

"இதையேதான் சொல்லியிருப்பேன். நீங்களாவது தப்பிச்சிருப்பீங்க."

அன்றே குப்பிகளை எல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டாள். ஆனால் பதினோரு வருஷம் கேட்ட சொல்லை உடம்பு மறக்கவில்லை. கூரையைப் பிரித்தார்கள், பிறகு அவள் வெளியே வந்து வீட்டை ஒட்டி நின்றுகொண்டாள். நகராட்சி அவளுக்குத் தனிக் கதவு எண் கொடுத்தது. தெருக்காரர்கள் அவள் நிழலில் வண்டி நிறுத்தினார்கள். காலியான வேலைக்கு நிறுவனம் மகளையே எடுத்துக்கொண்டது. அங்கிச் செலவு மிச்சம், அந்தக் குரல் ஒன்றும் செய்யாத ஒரே ஆள் அவள்தான். உயரமான முக்காலியில் ஏறி உட்கார்ந்து ஒரு நாளைக்கு எண்ணூறு லேபிள் ஒட்டுகிறாள்.

முதலில் மகள் பேசினால் தாய் குனிந்து காது கொடுப்பாள். இப்போது குனிந்தால் எதிர்வீட்டுச் சுவர் இடிகிறது, அதனால் குனிவதில்லை. வேலை முடிந்ததும் மகள் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு ஏறி வந்து, ஏழு வயதுத் தொண்டையால் முடிந்த மட்டும் கத்துகிறாள்.

"போதும்மா. இனிமே வளராதம்மா."

மேலே இருப்பவளுக்கு வாய் அசைவது தெரிகிறது. ஏதோ நல்ல சேதி சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டுகிறாள்.