ஒரு பகலில் ஏழு வீடு

கோலாலம்பூரை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். டைப் அடித்துச் சுற்றிப் பார்த்தவர் சண்முகரத்தினம் ஒருவர்தான்.

தைப்பிங்கில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அவர் தலைமைக் குமாஸ்தா. சனிக்கிழமை இரவு மெயில் ஏறி, ஞாயிறு காலை ஆறே முக்காலுக்குக் கோலாலம்பூரில் இறங்கி, அன்றிரவு மெயிலிலேயே திரும்புவதாக ஏற்பாடு. இடைப்பட்ட பகலில் ஏழு வீடு. ஏழும் உறவுக்காரர் வீடுகள். ஏரிப் பூங்காவையோ மிருகக்காட்சிசாலையையோ பார்க்காமல் போனால் அவை ஒன்றும் நினைத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் கே.எல். வந்துவிட்டு ஒரு வீட்டுக்குத் தலைகாட்டாமல் போனால், அந்த வீட்டின் பேரப்பிள்ளை கல்யாணத்தில்கூட அது பேசப்படும்.

எனவே அவர் டைப் அடித்து வைத்திருந்த நிகழ்ச்சித் தாளில், 7.00 முதல் 7.45 வரை பிரிக்பீல்ட்ஸில் தம்பு வீடு, காப்பி மட்டும். அடுத்து சாலாக் செலாத்தான், பிள்ளை பிறந்த வீடு. அப்புறம் அம்பாங், புது வீடு குடிபுகுந்தவர்கள், அங்கே மதியச் சாப்பாடு. இப்படியே போய் மாலை ஆறரைக்கு, கடைசியாக, மறுபடி பிரிக்பீல்ட்ஸில், தம்பு வீட்டுச் சந்திலேயே சின்னையா வீடு. சின்னையா இறந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. துக்க வீட்டுக்குப் போன காலோடு இன்னொரு வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. நேரே வீட்டுக்குப் போய்த் தலை முழுக வேண்டும். அதனால்தான் கடைசி. தாளில் அந்த வரியைத்தான் அவர் அதிகம் ரசித்தார். சாவைக்கூடச் சரியான இடத்தில் வைத்திருந்தார்.

அவர் மனைவி குணபூசணி ரயிலில் அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தாள்.

“மார்க்கிரட் எங்கே?”

“அடியில பாரு.”

அடியில் பேனாவால் எழுதியிருந்தது: ‘நேரம் இருந்தால், கிள்ளான்.’

மார்க்கிரட்டும் குணபூசணியும் தைப்பிங் கான்வென்டில் பதினோரு வருஷம் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். மார்க்கிரட் அன்றிரவு பெர்த்துக்கு விமானம் ஏறுகிறாள். மகனோடு இருக்கப் போகிறாள். கிள்ளான் வீட்டை விற்றாயிற்று. திரும்பி வரும் உத்தேசம் இல்லை. ஐந்து மணிக்குச் சுபாங் விமான நிலையத்துக்கு டாக்சி.

“அஞ்சு மணிக்கு நாங்கள் எங்கே இருப்போம்?” என்று கேட்டாள்.

சண்முகரத்தினம் தாளைப் பார்த்தார். “செந்தூல்.”

“சரி” என்றாள் குணபூசணி. அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லாததை அவர் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். அலுவலகத்திலும் அப்படித்தான்.

ஏழு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் தம்பு வீடு இருந்த லோரோங் சந்தின் முனைக்கு வந்தார்கள். பேப்பர் வாங்க இரண்டு நிமிஷம் ஒதுக்கியிருந்தார். “நீ மெதுவா நடந்துகொண்டிரு” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது மனைவியைத் தெருவில் காணவில்லை. நாலு வீடு தள்ளி ஒரு படிக்கட்டில் அவள் செருப்பு மட்டும் இருந்தது. நெற்றியைச் சுருக்கி வீட்டு எண்ணைப் பார்த்தார். சின்னையா வீடு.

உள்ளிருந்து ஓவென்று அழுகைச் சத்தம் கேட்டது. ஒரு குரல் சின்னையாவின் மனைவி சீதாலெட்சுமியுடையது. மற்றது பதினெட்டு வருஷமாக அவர் அறிந்த குரல்.

சத்தம் போடாமல் நழுவிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அதற்குள் சின்னையாவின் மகன் யோகநாதன் வாசலுக்கு வந்துவிட்டான்.

“வாங்கோ மாமா. மாமி முதல்லயே வந்திட்டா. இவ்வளவு தூரத்தில இருந்து வந்து, வேற எங்கேயும் போகாம முதல் முதல்ல எங்கட வீட்டுக்கு வந்திருக்கிறீங்க. அம்மா உருகிப் போயிட்டா.”

சண்முகரத்தினம் செருப்பைக் கழற்றினார்.

முக்கால் மணி நேரம் கழித்து, சம்பிரதாயப்படி போய்வருகிறோம் என்று சொல்லாமல், இருவரும் வெளியே வந்தார்கள். தெருமுனை தாண்டியதும் அவர் தாளை எடுத்து நீட்டினார்.

“ஆறரைக்கு எண்டு போட்டிருந்தேனே!”

“வாசல்ல நிண்ட சின்னையாவின்ர மனுசி என்னைப் பார்த்திட்டா. பார்த்தும் பாராத மாதிரிப் போகச் சொல்றீங்களோ?”

“நீ அந்தப் பக்கம் ஏன் நடந்தாய்?”

“மெதுவா நட எண்டீங்க. நடந்தேன்.”

ஆறு வீடு. பிள்ளை பிறந்த வீடு ஒன்று, புது வீடு ஒன்று. எந்த வாசலையும் இனி மிதிக்க முடியாது. குளித்தால் மிதிக்கலாம். ஆனால் குளிக்க ஒரு வீட்டுக்குள் போக வேண்டும். வீட்டுக்குள் போகக் குளித்திருக்க வேண்டும். அரசாங்க விண்ணப்பங்களில் இந்த மாதிரிச் சிக்கலைப் பிறருக்கு உண்டாக்கித்தான் அவருக்குப் பழக்கம். ஆற்றில் முழுகலாமா என்றுகூட யோசித்தார். நகரத்துச் சாக்கடையெல்லாம் கலக்கும் கிள்ளான் ஆறு அங்கிருந்து பக்கந்தான். முழுகினால் தீட்டுப் போய்விடும், கூடவே தோலும் போய்விடும்.

அப்போதுதான் எதிரே ஒரு லாட்ஜ் கண்ணில் பட்டது. மனைவியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். கௌண்டரில் பனியன் போட்ட ஒருவன் பல் குத்திக்கொண்டிருந்தான்.

“தம்பி, ரூம் ஒண்ணு வேணும்.”

“எத்தனை நாளைக்கு அங்கிள்?”

“அரை மணி நேரம்.”

அவன் பல் குத்துவதை நிறுத்தினான். வாசலில் குடை பிடித்து நின்ற குணபூசணியை எட்டிப் பார்த்தான்.

“அரை மணி போதுமா அங்கிள்? ஒன் அவரா எடுத்துக்குங்க லா.”

“குளிக்க மட்டுந்தான்!”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

“அவ என் மனைவி!”

“அதையும் சொல்றாங்க.”

சண்முகரத்தினம் வெளியே வந்த வேகத்தில் பேப்பரைக் கௌண்டரிலேயே விட்டுவிட்டார். தெருவில் யாராவது சொந்தக்காரர் பார்த்திருப்பார்களோ என்று இரண்டு பக்கமும் பார்த்தார். லாட்ஜில் தலை முழுகுவதைவிடத் தலை குனிவது சுலபம் என்று பட்டது.

பொதுத் தொலைபேசி ஒன்றைத் தேடிப் பிடித்து, வீடு வீடாக அழைத்துத் தகவல் சொன்னார். முதலில் அம்பாங்.

“அடடே, தீட்டா? சரி சரி அண்ணே, முறையை மீறக் கூடாது. சின்னவன் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிட்டுப் போங்க எண்டு ரெண்டு மாசமா அழுதுகொண்டிருக்கிறான். இனிப் போகலாம்... இல்ல, வருத்தந்தான், வருத்தந்தான்.”

சாலாக் செலாத்தானில் பிள்ளை பெற்றவளின் அம்மா, “நல்ல காலம் முன்னமே சொன்னீங்க” என்றாள். தம்புவின் மனைவி, நன்றி என்றே சொல்லிவிட்டாள். ஆறு வீட்டிலும் யாரும் கோபிக்கவில்லை. சண்முகரத்தினத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“இனி இரவு மெயில் வரைக்கும் எங்கே போறது?” என்றார்.

குணபூசணி எங்கோ பார்த்தபடி சொன்னாள்: “மார்க்கிரட் வேதக்காரி. தீட்டுப் பார்க்க மாட்டாள்.”

அவர் யோசித்தார். விதியில் இடம் இருந்தது. இந்த வழி தனக்கே தோன்றியிருக்க வேண்டும் என்று நினைத்தார். பஸ் கிள்ளான் எல்லையைத் தொடுவதற்குள் தனக்கே தோன்றியதாக ஆகியும் விட்டது.

மார்க்கிரட் வாசலிலேயே நின்றிருந்தாள். கட்டிப் பிடித்துக்கொண்டு, முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்து, சிநேகிதியைத் தள்ளி நிறுத்திப் பார்த்தாள்.

“பத்தரைக்குள்ள வந்திடுவேன் எண்டு எழுதினாய், சொன்ன சொல் தவறாம வந்திட்டியே! உனக்கெண்டு நண்டு வாங்கி வைச்சிருக்கிறேன். உன்ர மனுசன் சம்மதிக்க மாட்டார் எண்டு நான்தான் பயந்தேன்.”

சண்முகரத்தினம் வாசலில் நின்றார். கடிதம் கிள்ளான் வர மூன்று நாளாகும். அப்படியானால் அது புதன்கிழமையே போட்டது. அவர் தாளை டைப் அடித்தது வியாழக்கிழமை. இரண்டு நாளையும் அவர் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. ஆனால் அதற்குள் பெண்கள் இருவரும் சமையலறைக்குள் போய்விட்டார்கள். உள்ளே ஒருத்தி சொல்லி முடிப்பதற்குள் மற்றவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒரு பெட்டியைக் காட்டி, அது மூட மாட்டேன் என்கிறது, மேலே உட்காருங்கள் என்றார்கள். அன்றைக்கு அவர் செய்த உருப்படியான காரியம் அதுதான். ஆறு மணி நேரத்தில் ஐந்து பெட்டியில் உட்கார்ந்து எழுந்தார். நடுவில் நண்டு.

சரியாக ஐந்து மணிக்கு டாக்சி வந்தது. பெட்டிகள் ஏறின. இரண்டு பெண்களும் கேட் ஓரத்தில் நின்று, ஒருத்தி கையை ஒருத்தி விடாமல், ஐம்பத்தேழாம் வருஷத்துக் கணக்கு டீச்சர் ஒருத்தியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இருவர் கண்ணிலும் தண்ணீர்.

டாக்சிக்காரன் ஹார்ன் அடித்தான். “அங்கிள், சொல்லுங்க லா. ஃபெடரல் ஹைவே ஜாம்.”

சண்முகரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஏழு. கார் ஜன்னலருகே குனிந்தார்.

“தம்பி, அவங்களுக்கு இன்னும் டைம் இருக்கு.”

“எவ்வளவு டைம்?”

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“தெரியேல்ல” என்றார். “எனக்கு இவ தாள் தரேல்ல.”