பாத்துக் குனிங்க

மனிதர்கள் குனிவதைப் பார்ப்பதுதான் என் தொழில். முதுகில் பட்டன் அளவுக் கருவிகளை ஒட்டி, குனியச் சொல்லி, திரையில் கோடு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பேன். இடுப்பு வலிக்காரர்களில் பலர் குனிவதே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையாகிவிடுகிறார்கள். வலி போதாதென்று அந்த விறைப்பும் சேர்ந்து படுத்துகிறது. இதை எழுதி எழுதியே என் இளமை போயிற்று. கேட்க நாதியில்லை.

ஊரை விடுங்கள், என் சொந்த அக்காவே கேட்கவில்லை. கிடங்கில் பெட்டி அடுக்குபவள். ஸ்கேன் பார்த்த டாக்டர் "தேய்மானம்" என்று ஒரு வார்த்தையைப் போட்டதும் படுத்துவிட்டாள். அவள் வயதில் வலியே இல்லாதவர்களுக்கும் அந்தத் தேய்மானம் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை என்று நானும் சோதித்துப் பார்த்தாயிற்று. திங்கட்கிழமை போகாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். ஆய்வுக்கூடத்துக்கு இழுத்து வந்தேன்.

என் கட்டுரைகளில் தன் பெயரை முதலில் போட்டுக்கொள்ளும் துறைத்தலைவர், வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

"பாத்தும்மா. பாத்துக் குனிங்க," என்றார் அக்காவிடம்.

அக்கா மூச்சைப் பிடித்தாள். கோடு கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது.

"பாத்தியா? தேஞ்சுதான் போச்சு. உன் படிப்பெல்லாம் எனக்கு வேணாம்டி."

"தேயறதுக்கு நீ என்ன செருப்பா? படுத்துக் கெடந்தே வேலையத் தொலைக்கப்போற!"

"படுத்துக் கெடக்க எனக்கு ஆசை பாரு! ஒருநாளாவது பெட்டி தூக்கியிருக்கியா நீ? ஏசி ரூம்ல ஒக்காந்து கோடு பாக்குற ஜென்மம்!"

விருட்டென்று போய், கழற்றி வைத்திருந்த செருப்பை மாட்டக் குனிந்தாள். முதுகுக் கருவிகளை யாரும் எடுக்கவில்லை. திரையில் கோடு சரசரவென்று அடிவரை இறங்கியது. ஒரு காலின் வாரை இழுத்து மாட்டினாள். அடுத்த காலுக்குக் குனிந்தாள்.

"ஐயோ, பாத்தும்மா!" என்றார் தலைவர்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி. அக்கா பாதியில் விறைத்தாள், கை இடுப்புக்குப் போனது. கோடும் பாதியில் நின்றது.

"வாயக் கழுவுங்க சார்!" என்று கத்தினேன். "அந்த ஒரு வார்த்தையால எத்தன பேர முடக்குவீங்க? மொதல்ல வெளிய போங்க!"

வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. அவர் முகம் கறுத்து வெளியேறினார்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகள்: ஒன்று அடிவரை, ஒன்று பாதிவரை.

"அடிவரைக்கும் போனது யாரு?"

"நீதான். என்னைத் திட்டிக்கிட்டே போன."

மூச்சை விட்டாள். குனிந்தாள். வலித்தது, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் இரண்டாவது செருப்பையும் மாட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

திங்கட்கிழமை காலை கிடங்கு வாசல்வரை கூடப் போனேன். உள்ளே அவள் உயரத்துக்குப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"அக்கா, பாத்து..."

அவள் திரும்பினாள்.

"வாயக் கழுவுடி," என்று சொல்லிவிட்டு முதல் பெட்டிக்குக் குனிந்தாள்.