தன்னைவிட மூத்த மகன்

அம்மா வேஷம் என்று ஏஜெண்ட் பெர்ட்ரம் தொலைபேசியில் சொன்னபோது எனிட் ஹார்கிரீவ்ஸுக்கு ஆச்சரியமாக இல்லை. ஐம்பத்தாறு வயதில் ஒரு நடிகைக்கு வேறென்ன வரும்? நாற்பதைத் தாண்டியதிலிருந்து அவள் யாருக்காவது அம்மாதான். இல்லாவிட்டால், கொலை நடந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரியாக வந்து, போலீஸிடம் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள்.

"மகன் யாரு?" என்று கேட்டாள்.

பெர்ட்ரம் தொண்டையைச் செருமினார். "ஜூலியன் கார்ஃபாக்ஸ்."

"ஸ்டானா? விளையாடுறீங்களா? அவன் என்னைவிட ஒரு வயசு மூத்தவன். அதுபோக, நான் அவனுக்குப் பொண்டாட்டியா இருந்தவ."

"படத்துல அவருக்கு நாப்பத்திரண்டு வயசு. உனக்கு எழுபது. டைரக்டர் ஒரு சின்னப் பொண்ணு, உன்னை ஏதோ டிவி நாடகத்துல பாத்திருக்கா. நீதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குறா. திங்கட்கிழமைக்குள்ள சொல்லு."

அவள் கணவர் ஆர்னல்ட் அடுப்படியில் பன்றி இறைச்சியை வறுத்துக்கொண்டிருந்தார். லீட்ஸ் நகரில் பஸ் ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"தன்னைவிட மூத்த பிள்ளையைப் பெத்தவளை இப்பதான் பாக்குறேன். பிரசவம் ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே?"

"வறுவல் தீயுது, அதைப் பாருங்க" என்றாள் எனிட்.

வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் அவள் நினைத்திருந்தாள்.

ஸ்டான் என்கிற ஸ்டான்லி கிளெக், பார்ன்ஸ்லியில் ஒரு கசாப்புக்கடைக்காரரின் மகன். எனிட்டின் அப்பா ஹாலிஃபாக்ஸில் கம்பள ஆலையில் வேலை பார்த்தவர். இருவரும் சந்தித்தது கடற்கரை ஊர் ஒன்றில், வாரம் ஒரு புது நாடகம் போடுகிற குழுவில். ராத்திரி ஒரு நாடகம் நடிப்பார்கள்; காலையில் அடுத்த வாரத்து நாடகத்துக்கு ஒத்திகை. வசனம் மனப்பாடம் ஆவதற்குள் வாரம் முடிந்துவிடும். அந்த அவசரத்திலேயே காதலும் நடந்தது, பதிவுத் திருமணமும் நடந்தது. ஸ்டான் அழகன். அந்த முகவாய்க்கட்டைக்காகவே முன்வரிசையில் இடம் பிடிக்கிற பெண்கள் ஊரில் இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை, மதிய ஆட்டம் முடிந்து மாலை ஆட்டம் தொடங்குவதற்குள் அவன் லண்டனுக்கு ரயிலேறிவிட்டான். சினிமாக் கம்பெனி ஒன்று கூப்பிட்டிருந்தது. போவதை எனிட்டிடம் சொல்லவில்லை. அரங்கத்தின் பின்வாசல் காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போனான். அன்று மாலை கணவன் பாத்திரத்தை மேடை நிர்வாகி கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தார். எனிட் அவரைப் பார்த்துக் கொஞ்சினாள், சிணுங்கினாள், தட்டை விட்டெறிந்தாள். அது நகைச்சுவை நாடகம். வழக்கத்தைவிட அதிகமாகவே சனம் சிரித்தது.

பிறகு ஸ்டான்லி கிளெக், ஜூலியன் கார்ஃபாக்ஸ் ஆனான். கடற்படை அதிகாரி, உளவாளி, பெரிய இடத்துப் பிள்ளை என்று வரிசையாகப் படங்கள். எனிட் வடக்கத்தி ஊர்களின் மேடைகளில் நடித்தாள், வானொலியில் நடித்தாள். விவாகரத்தை வக்கீல்கள் பார்த்துக்கொண்டார்கள். யாரோ கொடுத்த இலவசச் சீட்டில் மதிய ஆட்டம் பார்க்க வந்த ஆர்னல்ட், அடுத்த வாரம் காசு கொடுத்து வந்தார். அவரைக் கட்டிக்கொண்டாள். இதுதான் அவள் கதை. இதில் குறைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இருப்பதாக அவள் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி மணி அடித்தது.

"எனிட், நான் ஜூலியன் பேசுறேன்."

"எந்த ஜூலியன்?"

"ஸ்டான்."

"அப்படிச் சொல்லு. என்ன விஷயம்?"

"அந்தப் படம்... நீ அதை ஒத்துக்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். பத்திரிகைக்காரன் நம்ம பழைய கல்யாணத்தைத் தோண்டுவான். ஊரே சிரிக்கும்."

"யாரைப் பாத்துச் சிரிக்கும்? என்னையா, உன்னையா?"

எனிட் தொலைபேசியை வைத்தாள். உடனே எடுத்து பெர்ட்ரம் வீட்டு எண்ணைச் சுழற்றினாள். "ஒத்துக்குறேன்னு சொல்லிடுங்க" என்றாள்.

கால்டர் பள்ளத்தாக்கில் ஒரு வரிசை வீட்டில் படப்பிடிப்பு. ஒப்பனை வண்டியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரு பெண் எனிட்டின் கன்னத்தில் சுருக்கம் ஒட்டினாள். இன்னொருத்தி ஸ்டானின் காதுக்குப் பின்னால் தோலை இழுத்து நாடா ஒட்டி, தலையில் விக்கைப் பொருத்தினாள். முதல் இரண்டு நாள் அவன் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டான். மூன்றாம் நாள் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "எங்கிட்ட எடுக்குற சுருக்கத்தை அப்படியே உனக்கு ஒட்டிட்டா செலவு மிச்சம்" என்றான். பார்ன்ஸ்லிப் பேச்சு அப்படியே இருந்தது. எனிட் சிரித்ததில் கன்னத்துச் சுருக்கம் ஒன்று பிய்ந்துவிட்டது. ஒப்பனைப் பெண் கோபித்துக்கொண்டாள்.

படத்தில் மகன் கனடாவுக்குப் போகிறான். அம்மாவிடம் அதைச் சொல்ல வரும் காட்சியில் அம்மாவுக்கு ஒன்றரைப் பக்க வசனம். எனிட் அதை நடக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். காட்சியன்று காலையில் டைரக்டர் மோர்வென்னா வந்து நின்றாள். முப்பது வயதுப் பெண். இது அவளுக்கு இரண்டாவது படம். எனிட்டின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"மேடம், நேத்து ஜூலியன் சார் வந்து பேசினாரு. இந்த அம்மா இவ்வளவு பேசமாட்டாங்கன்னு அவருக்குத் தோணுதாம். தயாரிப்பாளரும் ஆமான்னுட்டாரு. அதனால..."

"எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"'ரயிலுக்கு நேரமாச்சு.' அவ்வளவுதான்."

எனிட் ஒப்பனை வண்டியைவிட்டு இறங்கி, வேலி ஓரமாகப் போய்க் கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊருக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு திரும்பி வந்து மோர்வென்னாவிடம், "அந்த அறையில இஸ்திரிப் பலகை இருக்குல்ல? அதை நடுவுல போடச் சொல்லு. மகனோட சட்டை ஒண்ணு வேணும்" என்றாள்.

காட்சி தொடங்கியது. ஸ்டான் பேசினான். கனடாவில் வேலை, சம்பளம், பனி, அடுத்த வருஷம் வந்து பார்க்கிறேன் என்கிற வாக்குறுதி. எனிட் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். காலரைப் போட்டாள், திருப்பி உள்பக்கம் போட்டாள், கைகளைப் போட்டாள். சட்டை முடிந்துவிட்டது; அவன் பேச்சு முடியவில்லை. அவள் முதலிலிருந்து மறுபடி போட ஆரம்பித்தாள். ஒரு சுருக்கமும் இல்லாத துணிமேல் இஸ்திரிப்பெட்டி மெதுவாகப் போய் வந்தது. ஸ்டான் அதைப் பார்த்தான். வாயிலிருந்த வசனம் மறந்துபோயிற்று.

"மன்னிக்கணும். திரும்பப் போகலாம்" என்றான்.

நான்காவது தடவைதான் சரியாக வந்தது. "ரயிலுக்கு நேரமாச்சு" என்று அவள் சட்டையை நீட்டிய பிறகும் மோர்வென்னா 'கட்' சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் விடுதிக்குத் திரும்பும் காரில் இருவரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டான் விக்கைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

"உன் வசனத்தை வெட்டி எனக்கு நானே குழி பறிச்சுக்கிட்டேன். கேமரா பூராவும் உன் மேலதான் இருக்கும்."

"உன்னை யாரு வெட்டச் சொன்னது?"

"பயம்" என்றான். வண்டி ஒரு பாலத்தைத் தாண்டியது. "எனிட், லண்டனுக்கு ரயிலேறின அன்னைக்கு நான் திரும்பி வந்தேன். உனக்குத் தெரியாது. பாதி வழியில இறங்கி வேற ரயில் புடிச்சு வந்தேன். அரங்கத்துக் கடைசியில, இடது பக்கக் கதவுகிட்ட நின்னு பாத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் இல்லாமலே நீ நல்லாப் பண்றேன்னு போயிட்டேன்."

அந்த அரங்கத்துக்கு இடது பக்கம் கதவு கிடையாது; பக்கத்துக் கடையின் சுவர்தான் இருந்தது. ஆனால் அவன் குரல் நடிகனின் குரலாக இல்லை.

"அப்படியா? சரி" என்றாள் எனிட்.

வார இறுதியில் வீட்டுக்கு வந்து ஆர்னல்டிடம் சொன்னாள்.

"பொய்தானே?" என்றார் அவர்.

"பொய்தான். ஆனா மெனக்கெட்டு யோசிச்சு வச்சிருக்கான், பாவம்."

"அவனை நாலு சாத்தலாம்னு பாத்தேன். இப்ப முடியாது போலிருக்கே."

படம் வந்தது. பத்திரிகைக்காரர்கள் பழைய கல்யாணத்தைத் தோண்டத்தான் செய்தார்கள், ஒரு வாரத்துக்கு. அதன்பின் இஸ்திரிக் காட்சியைப் பற்றி மட்டுமே எழுதினார்கள். எனிட்டுக்கு ஒரு பரிசு கிடைத்தது. பரிசளிப்பு விருந்தில் ஸ்டான் புகைப்படக்காரர்கள் முன்னால் குனிந்து அவள் கையில் முத்தமிட்டு, "எங்கம்மா" என்றான். "நிமிந்து நில்லுடா" என்றாள் அவள். விடிந்தால் அந்தப் புகைப்படம்தான் எல்லா நாளிதழிலும். அதன்பிறகு பத்துப் பதினைந்து வருஷம் அவளுக்கு ஓய்வே இல்லை. லண்டன் மேடைகளிலும் பெரிய பாத்திரங்கள் வந்தன.

ஸ்டானுக்குத்தான் வேலை குறைந்தது. ஒருநாள் கூப்பிட்டு, "கிழவன் வேஷம் வந்திருக்கு எனிட். விக் கூடாதாம்" என்றான்.

"பண்ணு. உன் தலை ஒண்ணும் மோசமில்ல."

பண்ணினான். கடைசி ஐந்தாறு வருஷங்களில் மேடையில் அவன் செய்த கிழவர்களைப் போல அவன் வாலிபத்தில் எதையும் செய்ததில்லை என்று எனிட்டே ஒப்புக்கொண்டாள். எழுபது வயதில், ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மாரடைப்பில் இறந்துபோனான்.

நினைவு வழிபாட்டுக்கு அவனுடைய மூன்றாவது மனைவி எனிட்டைக் கைப்பிடித்து அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தாள். ஆர்னல்ட் பழைய கோட்டைத் துலக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தேவாலயத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு நிருபர் ஒலிவாங்கியை நீட்டி, ஜூலியன் கார்ஃபாக்ஸ் எப்படிப்பட்ட நடிகர் என்று கேட்டார்.

"நல்ல நடிகன்" என்றாள் எனிட். "கொஞ்சம் தாமதமாத்தான் ஆனான்."

அன்று அவளுக்கு மதிய ஆட்டம் இருந்தது. ஆர்னல்ட் டாக்ஸியை நிறுத்தினார். வழியில் அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு முதல் காட்சி வசனத்தை முணுமுணுக்க ஆரம்பித்தாள். நடுவில் ஒரு இடத்தில் தடுக்கியபோது, பலமுறை கேட்டுக் கேட்டுத் தெரிந்திருந்த ஆர்னல்ட் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்.