முன்சீட்டும் முள்ளும்

“நான் குந்தினா ஓடுது, எறங்கினா படுத்துக்குது. ஸ்பீடு மீட்டருக்கு என்னைக் கண்டா பயமாடா?”

“நான் ஒயரைக் கழட்டல மொதலாளி.”

“பின்ன பேயா கழட்டுது? மீட்டரை நிறுத்திட்டு எவனுக்கோ லோடு அடிக்கிற. நாளையிலேர்ந்து டிரைவர் சேட்டு ஓட்டட்டும். சாவியைக் குடு.”

சடையப்பன் கையை நீட்டினார். திருப்புலிவனம் களத்தில் வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கேட்காததுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தானியேல் சாவியை விடவில்லை. அவன் தெருவில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவன் அவன்தான். பிக்கப் வேன் கைவிட்டுப் போனால் மறுபடி மண்வெட்டி. கூடவே திருட்டுப் பட்டம்.

ஒரு மாதமாகப் பார்க்காத வைத்தியமில்லை. ஒயருக்கு கிரீஸ் வைத்தான், நட்டை முடுக்கினான். உத்திரமேரூர் மெக்கானிக் வேதகிரி மீட்டரையே மாற்றிப் பார்த்தார். அதே ரோடு, அதே வேகம். முதலாளி வந்தால் முள் நாற்பதில் நிற்கிறது. வராவிட்டால்?

வராவிட்டால் அவர் சீட்டில் யார் உட்கார்கிறார்கள்? ஒருவரும் இல்லை. மூட்டை தூக்குகிறவர்கள் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்று வருவார்களே தவிர, அந்த இடத்தில் ஏறமாட்டார்கள். ஏறச் சொல்ல அவனுக்கும் தோன்றியதில்லை.

தானியேல் காலியாகக் கிடந்த முன்சீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

“களத்தை ஒரே ஒரு சுத்து மொதலாளி. சீட்டுல வேணாம். என் பக்கம் படியில நின்னுக்கினு மீட்டரைப் பாருங்க.”

சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டி, பஸ் கண்டக்டர் போலத் தொற்றிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. முள் அசையவில்லை.

“கழட்டிட்டுத்தானே வந்துகீற.”

“என் ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் கீது, பாத்துக்கினே இருங்க.” வண்டியை நிறுத்தினான். “செங்கேணியக்கா, வந்து முன்னால குந்து.”

மூட்டை தூக்கும் செங்கேணி கனத்த உடம்புக்காரி. “ஐய, அங்கயா? இன்னா நைனா, என்னையும் சேத்துத் தொரத்தவா?” முதலாளி முகத்தைப் பார்த்தாள். அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைத்துணியை உதறிவிட்டு ஏறி, சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் பலகையில் காலை ஊன்றினாள்.

வண்டி கிளம்பியதும் முள் துள்ளி எழுந்தது. பத்து. இருபது.

“காலைத் தூக்குக்கா.”

விழுந்தது.

“ஊனு.”

எழுந்தது. களமே வேலையை விட்டுவிட்டுச் சிரித்தது. தொங்கிக்கொண்டிருந்த சடையப்பனும் சிரித்துவிட்டார்.

செங்கேணியை இறக்கிவிட்டுப் பலகையைக் கழற்றினான். அடியில், கியர்பாக்ஸோடு ஒயரைப் பிடிக்கும் நட்டில் மயிரிழை விரிசல். முடுக்கினால் இறுகியதுபோல் இருக்கும். வண்டி குலுங்கினால் ஒயர் நழுவிவிடும். மேலே பலகையை யாராவது மிதித்தால் மறுபடி குழியில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். நட்டைக் கழற்றி, கோட்டையைப் பிடித்து வந்த தளபதிபோல முதலாளியிடம் நீட்டினான் தானியேல்.

அவர் அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சாவி உங்கிட்டயே இருக்கட்டும். காஞ்சிபுரத்துல லோடு எறக்கிட்டு, புது நட்டு வாங்கி மாட்டு. நீ கழட்டல, நாளைக்கு வரவேணாம்னு சேட்டுகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

பழைய நட்டையும் பலகையையும் மாட்டிவிட்டு நிமிர்ந்தால், செங்கேணி முன்சீட்டில் இருந்தாள். இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை. காலை நன்றாக ஊன்றிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“புது நட்டு போடற வரைக்கும் மீட்டர் ஓடணுமில்ல மொதலாளி? காஞ்சிபுரம் வரைக்கும் நான் இப்பிடியே குந்திக்கினு போவட்டா?”