கிளட்ச் நட்டில் நான்கு சுற்று

எங்கள் முற்றத்துக்கு வாசல் ஒன்று, வீடு இரண்டு. ஒரு வீட்டில் நானும் என் இரண்டு பெண்களும். இன்னொன்றில் என் ஓரகத்தி ஜிபார். என் புருஷன் எர்மெக் மாஸ்கோவில் கட்டட வேலைக் குழு ஒன்றுக்குத் தலைவன். அவன் தம்பி சமாத், ஜிபாரின் புருஷன், அதே குழுவில் சுவர் பூசுகிறவன். குழுவில் யார் எப்போது ஊருக்குப் போகலாம் என்பது எர்மெக் வாயிலிருந்துதான் வரவேண்டும். எர்மெக் வருஷம் ஒரு தடவை வந்துவிடுவான். சமாத் வந்து மூன்று வருஷமாகியிருந்தது.

எர்மெக் விட்டுப்போன பழைய ஜெர்மன் கார் ஒன்று கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. முப்பத்தைந்து வயதில் நான் பக்கத்து டவுனான கரகோலுக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கினேன். போனில் சொன்னபோது எர்மெக் சிரித்தான்.

"ஓட்டு, ஓட்டு. ஆட்டு மந்தையில விட்டுடாத."

எங்கள் ஊரிலிருந்து கரகோலின் தையல் கூடத்துக்கு நாலு பெண்கள் தினமும் போய்வருவார்கள். மினி பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் பனியில் நிற்க வேண்டியதுதான். அந்த நாலு பேரை நான் காலையில் கொண்டுவிட்டு மாலையில் கூட்டிவர ஆரம்பித்தேன். நாலு பேரில் மூத்தவள் சைகால். முன்சீட்டு அவளுடையது. வழி முழுக்க எனக்கு ஓட்டச் சொல்லித் தந்தபடி வருவாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது.

ஒரு நாள் வீடியோ போனில் எர்மெக் என்னைத் தன் ஆட்களுக்குக் காட்டினான். ஸ்டீயரிங் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். "பாருங்கடா என் பொண்டாட்டிய! உங்கள்ல எத்தனை பேருக்கு அந்த மலை ரோட்டுல இப்படி ஓட்ட வரும்?" என்றான். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அது ஏப்ரல் பதினொன்று. தேதி ஏன் நினைவிருக்கிறது என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால் மார்ச்சில், கிளட்ச் முதல் தடவையாகத் தகராறு செய்தது. பெடலைத் தரையோடு ஒட்ட மிதித்தால்தான் கியர் விழுந்தது. கரகோலில் ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து பத்து நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்தான்.

"கேபிள் நாளாக நாளாக நீளும் அக்கா. நீள நீள நட்டை இறுக்கிக்கணும். இதுக்குப் போய் முப்பது கிலோமீட்டர் வருவாங்களா? வீட்டுலயே பண்ணலாம்."

அவன் கை போன இடத்தையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து மறுபடி பெடல் இறங்கியபோது முற்றத்திலேயே செய்வது என்று முடிவுசெய்தேன். சக்கரத்துக்குச் செங்கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பானெட்டைத் தூக்கினேன். ஜிபார் கையில் என் மகளின் ஸ்கேலைக் கொடுத்து டிரைவர் பக்கம் குனியச் சொன்னேன்.

"பெடலைக் கையால மெதுவா அமுக்கு. முதல்ல சும்மா போகும். அப்புறம் கனமாகும். கனமாகற இடம் வரைக்கும் எவ்வளவுன்னு சொல்லு."

"பசு மடி மாதிரி இருக்கு அக்கா. எங்க கனமாகுதுன்னே தெரியல."

"பால் கறக்க வரலடி நீ. அளவைச் சொல்லு."

"நாலரை சென்டிமீட்டர்."

"ரெண்டு இருக்கணும்."

கியர்பெட்டிக்கு மேலே கேபிள் வந்து முடிகிற இடத்தில் இரண்டு நட்டு. ஒன்று பூட்டுகிறது, மற்றது அளவு வைக்கிறது. பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரால் பூட்டு நட்டைத் தளர்த்தி, மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். உள்ளேயிருந்து ஜிபார் ஏலம் விடுகிற மாதிரி கத்தினாள்.

"நாலு! மூணரை! இன்னும் திருப்பு! மூணு! ரெண்டு... நிறுத்து, நிறுத்து! ஐயோ அக்கா, நீ ஆம்பளையாப் பொறந்திருந்தா உன்னையே கட்டியிருப்பேன்."

"சமாத் கிட்ட சொல்றேன் இரு."

"சொல்லு. அந்தச் சாக்குலயாவது ஊருக்கு வரட்டும்."

ஜிபாருக்கு ஒரு சிரிப்பு உண்டு. மூக்கில் ஆரம்பித்துத் தொண்டையில் முடியும். அன்றைக்கு அப்படிச் சிரித்தாள். பிறகு எழுந்து என் பக்கம் வந்து எட்டிப்பார்த்து, எந்தப் பக்கம் திருப்பினால் லூசாகும் என்று கேட்டாள். அவள் கையில் ஸ்பேனரைக் கொடுத்து, என் கையை அதன்மேல் வைத்துத் திருப்பிக் காட்டினேன். லூசானால் கிளட்ச் முழுசாக விடுபடாது, கியர் கரகரக்கும். ரொம்ப இறுக்கினால் உள்ளே தட்டு எரிந்துபோகும் என்றெல்லாம் சொன்னேன். தெரிந்துவைத்திருக்கட்டும், நாளைக்கு அவளும் ஓட்டலாமே என்று நினைத்தேன்.

ஏப்ரல் கடைசியில் தொல்லை ஆரம்பித்தது. ரிவர்ஸ் போட்டால் பல்லைக் கடித்தது. பானெட்டைத் திறந்து மறுபடி அளவு வைத்தேன். ஐந்தாம் நாள் மறுபடி. நாலாம் நாள் மறுபடி. கேபிள் உள்ளே இழை இழையாக அறுகிறது என்று நினைத்துப் புதுக் கேபிள் வாங்கி நானே மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் பெடலருகே குனிந்து அளவு சொன்னவள் ஜிபார்தான். "இந்த வண்டிக்கு யார் கண்ணோ பட்டிருக்கு" என்று திருஷ்டிக்கு எரிக்கிற அர்ச்சா மரச் சுள்ளியை அடுப்பில் பற்றவைத்து வண்டியைச் சுற்றிப் புகை காட்டினாள். புதுக் கேபிளும் ஒரு வாரத்தில் லூசாயிற்று.

தையல் பெண்கள் வேலைக்குத் தாமதமாகப் போனார்கள். பின்சீட்டுக்காரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. எர்மெக்கிடம் சொல்லி அழுதேன். "வண்டி போனா போகுது அனார், உன் உடம்புதான் முக்கியம். பேசாம மூடி வெச்சிடு" என்றான் இதமாக. அந்தக் குரலைக் கேட்டு, நல்ல புருஷன் என்று நினைத்தேன்.

மே மாத நடுவில், மேய்ச்சலுக்கு ஆடுகளை மலைக்கு ஓட்டிப்போகிற நாளில், பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மந்தை எங்களைச் சூழ்ந்துகொண்டது. நிறுத்தினேன். எஞ்சின் அணைந்தது. வண்டி முதல் கியரில் இருந்தது. கிளட்சை அடிவரை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். கிளட்ச் விடுபட்டிருந்தால் வண்டி நின்ற இடத்தில் நின்றிருக்கும். அது துள்ளி முன்னால் பாய்ந்தது. ஆடுகளுக்காக ஸ்டீயரிங்கை ஒடித்தேன். வண்டி வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது. முன்சீட்டில் இருந்த சைகால் கையை ஊன்றினாள். மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

அவளைத் தூக்கி வந்து முதலில் எங்கள் முற்றத்தில்தான் உட்காரவைத்தோம். ஜிபார் பலகைத் துண்டு வைத்துத் துணியால் கட்டினாள். கட்டும்போது சைகாலின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. பயந்த பெண் என்று நினைத்தேன்.

"ஓட்டத் தெரியாதவ எதுக்கு நாலு உசுரைக் கையில எடுக்கறே?" என்றாள் சைகால். மறுநாளிலிருந்து யாரும் வரவில்லை.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து நிறுத்திய பிறகு, புதுக் கேபிள் இவ்வளவு சீக்கிரம் ஏன் நீள்கிறது என்று யோசித்தேன். அது கேபிள் நீண்டதால் வந்த வினை என்றால், இரண்டு நட்டும் நான் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து பார்த்தேன். பூட்டு நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அளவு நட்டு நான் வைத்த இடத்தில் இல்லை. மரை நீளமாக வெளியே தெரிந்தது. பூட்டிய நட்டு தானாகக் கழன்று, தானாகப் பூட்டிக்கொள்ளுமா?

எல்லாவற்றையும் சரியாக வைத்து, நட்டின் மேலும் மரையின் மேலும் சேர்த்து, சிவப்பு நகப்பூச்சால் ஒரே கோடாக இழுத்தேன். நாளை மறுநாள் மறுபடி ஓட்டப்போகிறேன் என்று ஜிபாரிடம் சொன்னேன். மறுநாள் என் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போய், மதியம் அஷ்லான்ஃபூ என்கிற குளிர்ந்த நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்துத் திரும்பி வந்தேன். பானெட்டைத் தூக்கினேன். கோடு உடைந்திருந்தது. நட்டில் இருந்த சிவப்பை மரையில் இருந்த சிவப்போடு சேர்த்துவைக்க, எண்ணிப் பார்த்தேன், நான்கு சுற்றுத் திருப்ப வேண்டியிருந்தது.

நாங்கள் திரும்பியபோது வாசல் உள்பக்கம் தாழிட்டிருந்தது, ஜிபார்தான் திறந்துவிட்டாள். எங்கள் நாய் அந்நியரைப் பார்த்தால் ஊரைக் கூட்டும். அன்று முற்றத்தில் இருந்தது ஜிபார் ஒருத்திதான்.

அப்போதுகூட நான் வேறு காரணம் தேடினேன். வேடிக்கைக்குத் தொட்டிருப்பாள், இறுக்குவதாக நினைத்து லூசாக்கியிருப்பாள் என்று. அவள் வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிலைப்படியில் நின்றபடி கேட்டேன்.

"ஜிபார், நாலு சுத்து எதுக்கு?"

என்ன நாலு சுத்து என்று அவள் கேட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவள் கேட்கவில்லை. மாவுக் கையோடு அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"எர்மெக் அண்ணன் சொன்னாரு அக்கா."

"என்ன சொன்னாரு?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, திறந்து, என்னிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குரல் செய்திகள் வரிசையாக இருந்தன. முதலாவது ஏப்ரல் பதினொன்று, சாயங்காலம். என்னைத் தன் ஆட்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்ட அதே நாள்.

"ஜிபார், உன்னால ஒரு உதவி. நான் சொன்னா அவ சண்டைக்கு வருவா. வண்டி அவளைப் படுத்தினா அவளாவே விட்டுடுவா. கிளட்ச் நட்டு எதுன்னு தெரியுமா?"

அடுத்தது ஜிபாரின் குரல். "தெரியாமலா? அக்காதான் கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்திருக்காளே." அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பு. மூக்கில் ஆரம்பித்துத் தொண்டையில் முடிந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டேன். புதுக் கேபிள் மாட்டிய நாளில்: "மாத்திட்டாளா? கெட்டிக்காரிதான். பரவால்ல, நட்டு அதேதானே." வாய்க்காலில் விழுந்த நாளில்: "கையோட போச்சா? சரி. இன்னும் ஒரு தடவை பண்ணிடு, அதோட முடிஞ்சிடும். செப்டம்பர்ல சமாத்தை அனுப்பிடறேன். என் வாக்கு."

"மூணு வருஷம் அக்கா," என்றாள் ஜிபார். "உனக்கு வருஷாவருஷம் ஆள் வந்துடுது. எனக்கு அவர் முகமே மறந்து போயிடும் போல இருந்துச்சு. நான் யாரு கிட்ட கேக்கறது?"

"என் கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டா? நீ சொல்லி அவர் கேட்டுடுவாரா?"

அது உண்மைதான். உண்மை என்பதற்காக என் கோபம் குறையவில்லை. அவள் கையைப் பிடித்து ஸ்பேனரைத் திருப்பிக் காட்டிய என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எர்மெக்குக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

"என்ன அனார், சாப்டியா?"

"நட்டை லூஸ் பண்ணச் சொன்னது நீதானா?"

பதினாறு வருஷத்தில் அவனை நான் 'நீ' என்று சொன்னதில்லை.

"உளறிட்டாளா அவ?" என்றான். பிறகு, "இங்க நம்ம பக்கத்து ஆளுங்க அம்பது பேரு இருக்கானுங்க. எர்மெக் பொண்டாட்டி டிரைவர் ஆயிட்டான்னு சோறு திங்கறப்ப சிரிக்கறானுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"நிறுத்துன்னு என் கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நிறுத்தியிருப்பியா?"

"மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். சைகாலுக்குக் கை உடைஞ்சிருக்காது."

"சின்ன உடைசல்தானே..."

அணைத்துவிட்டேன்.

அன்று சாயங்கால வெளிச்சத்திலேயே கிளட்சை நானே சரிசெய்தேன். அளவு பார்க்க ஆள் இல்லை. பெடலுக்கும் பானெட்டுக்கும் மாறி மாறி நடந்தேன். பதினோரு நடை. இரண்டு சென்டிமீட்டரில் வந்து நின்றது. பிறகு சைகால் வீட்டுக்குப் போய், கேட்டதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பொண்ணுதானே எனக்குக் கட்டு போட்டுச்சு?"

"ஆமா."

"ஓட்டத் தெரியாதவன்னு வீடு வீடாச் சொல்லிட்டேனே உன்னை."

"சொன்னது சொன்னதுதான் அக்கா. சாவியைத் திருப்பினது நான்தானே."

சைகால் ஒரு கையாலேயே எனக்குத் தேநீர் ஊற்றினாள்.

"உன் மேல எனக்குக் கோவம் இல்ல," என்றாள் கடைசியில். "ஆனா உங்க முற்றத்துல நிக்கிற வண்டியில நான் ஏற மாட்டேன்."

"அப்ப உங்க முற்றத்துல நிறுத்திக்கட்டுமா?"

அவள் என்னை முறைத்தாள். பிறகு, "கோழியை ஏத்திடாத" என்றாள்.

இப்போது வண்டி அங்கேதான் நிற்கிறது. காலையில் பத்து நிமிஷம் நடந்துபோய் எடுக்கிறேன். சைகாலும் இன்னும் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். நாலாமவள் வரவில்லை. பார்த்தால் சிரிப்பாள், மினி பஸ்ஸுக்கு நிற்பாள்.

செப்டம்பரில் சமாத் வந்தான். தம்பி பொண்டாட்டிக்குக் கொடுத்த வாக்கை எர்மெக் காப்பாற்றிவிட்டான். அவன் வரவில்லை. வா என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. என் பெண்கள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை அவனோடு பேசுகிறார்கள்.

வந்த மறுநாளே சமாத் என் வாசலில் நின்றான். "அண்ணி, நீங்க ரெண்டு பேரும் ஏன் பேசிக்கறதில்ல? நான் கேட்டா அவ அழறா."

"அவ கிட்டயே கேளு. அவ சொல்லலைன்னா மட்டும் நான் சொல்றேன்."

அவள் சொல்லியிருக்கிறாள். எப்படிச் சொன்னாள் என்று தெரியாது. சத்தம் ஒன்றும் வெளியே வரவில்லை. அடுத்த வாரம் சமாத் மரம் வாங்கி வந்து முற்றத்தின் நடுவே குழி தோண்ட ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்க்காமல், வேலி போட்டுக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது என்றான். நானும் சரி என்றேன். நடுவில் ஒரு ஆப்ரிகாட் மரம் இருந்தது. நூல் பிடித்தபோது அது குறுக்கே வந்தது.

"மரம் யார் பக்கம் வரணும் அண்ணி?"

ஜன்னலுக்குப் பின்னால் ஜிபார் நிற்பது தெரிந்தது.

"உங்க பக்கமே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சைகால் காத்திருப்பாள் என்று கிளம்பினேன்.