மேல் சுரம்

“ஒயரைக் கழட்டிட்டுத் தூக்கு மாப்ளே, இழுத்துக்கப் போகுது” என்றார் மாமா.

மகன் குனிந்து ஸ்பீக்கருக்குப் பின்னால் கையை விட்டான். ஒயர் எதுவும் தட்டுப்படவில்லை. இடுப்பு உயரப் பெட்டியைச் சற்றுத் திருப்பிப் பார்த்தான். ஒயர் சொருகும் துளைகள் காலியாக இருந்தன. இன்னொரு பெட்டியும் அப்படித்தான். தடித்த ஒயர்கள் இரண்டும் சுருட்டி, வெள்ளை நூலால் கட்டப்பட்டுச் சுவரோரம் கிடந்தன. முடிச்சைப் பார்த்ததுமே அப்பா கட்டியது என்று தெரிந்துவிட்டது. அவர் எதைக் கட்டினாலும் இரட்டை முடிச்சுதான்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வண்டி அப்பாவைக் கொண்டுவந்துவிடும். கூடம் சிறியது. அவரைக் கிடத்த வேண்டுமென்றால் இந்தப் பெட்டிகள் போயாக வேண்டும். நேற்று மாலைவரை இவற்றுக்கு எதிரேதான், தரையில் சாக்பீஸால் குறி போட்ட இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே போய்விட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது வீண்தான்.

இருவரும் பெட்டிகளை உள்ளறைக்கு மாற்றினார்கள். தகப்பன் செத்து ஒரு நாள் முழுசாக ஆகவில்லை, அதற்குள் அவர் மேல் கோபம் வருகிறதே என்று அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் வாங்கிக் கொடுத்த இசைத்தட்டு செட் அது. லிஃப்ட் மெக்கானிக் சம்பளத்தில், ஞாயிற்றுக்கிழமைகூட வேலைக்குப் போய், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வாங்கியது. அப்பா டப்பா ஆலையில் முப்பத்தோரு வருஷம் தகரம் அடிக்கும் இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர். பத்து இயந்திரங்கள் ஓடும்போது எதில் போல்ட்டு தளர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். ‘பாம்புக்காது’ என்றால்தான் ஆலையில் அவரைத் தெரியும். அந்தக் காதுக்கு வாய்த்ததோ கரகரக்கும் ஒரு சின்ன ரேடியோ. ஓய்வு பெற்ற பிறகாவது நல்லதாக ஒன்றைக் கேட்கட்டும் என்று மகன் ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

முதல் நாள் வயலின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டார்கள். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா வயலின் மேல ஏறுறப்ப ஆளைக் காணோமே” என்றார்.

அன்று பிடித்தது சனி. செட் விற்ற கடைக்காரர் வந்தார், ஊசியை மாற்றினார். ஒயரை மாற்றினார். பெட்டிகளை அரையடி முன்னே தள்ளினார், ஓரடி பின்னே இழுத்தார், நாற்காலிக்குக் குறி போட்டார். எத்தனை செய்தும் வயலின் மேல் சுரத்துக்கு ஏறும்போது அப்பாவுக்கு வாசிக்கிற ஆள் காணாமல்தான் போனான். மகனுக்கு எல்லாம் நன்றாகவே கேட்டது. ஆனால் பாம்புக்காதுக்கே கேட்காதது தனக்குக் கேட்கிறது என்று எந்த வாயால் சொல்வது? தனக்குத்தான் ஞானம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

நாலாவது தடவை வந்த கடைக்காரர் அவனை வாசலுக்குத் தனியே அழைத்து, பெரியவர் காதை ஒருமுறை டாக்டரிடம் காட்டலாமே என்று பதமாகத்தான் சொன்னார். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டு எங்கப்பா காதையா குறை சொல்கிறாய் என்று தெருவே வேடிக்கை பார்க்க அவன் கத்தித் தீர்த்தான். அதே சூட்டோடு உள்ளே வந்து அப்பாவிடமும் எரிந்து விழுந்தான்.

“நான் எது செஞ்சாலும் உங்களுக்குக் குறைதான்.”

அடுத்த வாரத்திலிருந்து போனில் செட்டைப் பற்றிக் கேட்டால், பிரமாதமாகப் பாடுகிறது என்று அப்பாவிடமிருந்து ஒரே பதில். குத்திக்காட்டுகிறார் என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்தாலும் கூடத்தில் உட்காராமல் அம்மாவிடம் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவான். இரண்டரை வருஷம் இப்படியே ஓடிவிட்டது. இப்போது பார்த்தால், மனுஷன் ஒயரையே பிடுங்கிப் போட்டிருக்கிறார்.

அம்மா சமையலறையில் கழுவிய தம்ளரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“செட்டுல பாட்டுப் போடறதை அப்பா எப்பம்மா விட்டார்?”

“விடலையே. தினமும் சாயங்காலம் போடுவாரே.”

“ஒயரே இல்லம்மா.”

அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். வாசலில் கடைக்காரரோடு அந்தச் சண்டை நடந்த வாரமே அப்பா காது டாக்டரிடம் தனியாகப் போயிருக்கிறார். உச்சத்தில் வரும் சத்தமெல்லாம் போய்ப் பல வருஷமாகிறது, ஆலைச் சத்தம் தின்றுவிட்டது, இனித் திரும்பாது என்றாராம் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒயரைக் கழற்றினார். அரைகுறையாகக் கேட்பதற்கு இது தேவலை என்றார். தட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அந்தக் காலத்தில் ரேடியோவில் கேட்டது ஒன்றுவிடாமல் உள்ளே ஓடுகிறது என்றாராம்.

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொல்லக் கூடாதுன்னுட்டார். செவிட்டுக் காதுக்கா இதை வாங்கினோம்னு பையன் நொந்துபோயிடுவான், நல்லா பாடுதுன்னே இருக்கட்டும்னார்.” தம்ளரைக் கீழே வைத்தாள். “நேத்தும் அப்படித்தான் உக்காந்திருந்தார். சத்தம் வந்திருந்தா, தட்டு முடிஞ்சதாவது எனக்கு இங்கே தெரிஞ்சிருக்கும். தட்டு முடிஞ்சும் சுத்திக்கிட்டே இருந்திருக்கு. டீ ஆறிப்போகுதேன்னு நான் வந்து தொட்டப்பதான்...”

மகன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அன்றைக்கு வாசலில் அவன் போட்ட கூச்சல் உள்ளே இருந்தவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். அது மட்டும்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். பெட்டிகள் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. இசைத்தட்டுக் கருவி சுவரோர மேசையிலேயே இருந்தது, நேற்றைய தட்டோடு. அவன் சுவிட்சைப் போட்டு, தட்டின் ஓரத்தில் ஊசியை இறக்கினான்.

முதலில் ஒன்றுமில்லை. குனிந்தபோதுதான் கேட்டது. ஊசி முனையிலிருந்தே, கொசு ரீங்காரம் அளவுக்கு, மெல்லிசாக வயலின் வந்துகொண்டிருந்தது.

அம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

“கிட்ட வந்தா இது கேக்கும். தினமும் அவர் முதுகுக்குப் பின்னால நின்னு கேப்பேன். அவருக்குத் தெரியாது.”

தெருவில் வண்டி வந்து நின்றது. மாமா வாசலிலிருந்து அவனைக் கூப்பிட்டார். மகன் ஊசியை எடுக்கக் கையை நீட்டினான். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வயலின் மேலே ஏறியது. இன்னும் மேலே ஏறியது. ஆள் அங்கேயே இருந்தான்.